டொலரா, யூரோவா, ரியாலா? வெளிநாடு போகும்போது எந்தக் காசைக் கொண்டுபோவது

சுவிஸில் இருக்கும் அண்ணா வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது நான் யூரோ வாங்கிக்கொண்டு போனேன். ஐரோப்பாதானே, எல்லா இடமும் யூரோதானே என்ற நினைப்பு. சூரிச் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்த அண்ணாவிடம் உறையைக் காட்டினால் மனிதர் சிரிக்கிறார். "இஞ்ச ஃபிராங்க் எல்லோ பிள்ளை. ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாமே." கொழும்பில் ரூபாவை யூரோவாக்கியபோது ஒரு நட்டம். அங்கே யூரோவை ஃபிராங்காக்கியபோது இன்னொன்று. மிஞ்சிய ஃபிராங்கை ஊருக்கு வந்து ரூபாவாக்கியபோது மூன்றாவது. ஒரே காசு மூன்று கை மாறியது, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் யாருக்கு வீசா வந்தாலும் "காசை எதில கொண்டுபோறது?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்வதை விட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. திருகோணமலையில் இருந்து முதல் தடவை வெளிநாடு போகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் பலகையை வாசிக்கப் பழகுங்கள்

காசு மாற்றுகிற கடையிலும் வங்கியிலும் ஒவ்வொரு நாட்டுக் காசுக்கும் இரண்டு விலை போட்டிருப்பார்கள்: வாங்கும் விலை, விற்கும் விலை. பலர் குழம்புவது இங்கேதான். அது கடைக்காரர் பக்கத்துக் கணக்கு. "வாங்கும் விலை" என்றால் அவர் உங்களிடம் வாங்கும் விலை. நீங்கள் டொலர் வாங்கப் போயிருந்தால் உங்களுக்கு உரியது "விற்கும் விலை". நீங்கள் வாங்கும்போது கூடின எண்ணும், திருப்பிக் கொடுக்கும்போது குறைந்த எண்ணும்தான் உங்களுடையது.

ஒரு கணக்குப் பார்ப்போம். பலகையில் டொலருக்கு வாங்கும் விலை 296, விற்கும் விலை 304 என்று வைத்துக்கொள்வோம். 500 டொலர் வாங்க 152,000 ரூபா கொடுக்கிறீர்கள். பயணம் தள்ளிப்போய்விட்டது, அடுத்த நாள் அதே 500 டொலரைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். கையில் கிடைப்பது 148,000. ஒரு சதமும் செலவழிக்காமல் 4,000 ரூபா போய்விட்டது. இரண்டு விலைக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளிதான் கடைக்காரரின் வருமானம். "எங்களிடம் கொமிஷன் இல்லை" என்று எழுதி ஒட்டியிருந்தாலும் இடைவெளி இருக்கும்.

டொலர் போல நிறையப் பேர் வாங்கி விற்கும் காசுக்கு இடைவெளி சிறியது. அபூர்வமாக யாராவது கேட்கும் நோர்வே குரோனருக்கோ தாய்லாந்து பாத்துக்கோ பெரியது. ஆகவே எந்தக் காசு என்று முடிவெடுக்க முன் இரண்டே கேள்வி. அந்த நாட்டில் கடைசியாகக் கடைக்காரர் கையில் நான் கொடுக்கப்போவது எந்தக் காசு? அதை இங்கேயே நியாயமான இடைவெளியில் வாங்க முடியுமா? முடிந்தால் அதையே வாங்குங்கள், ஒரே மாற்றோடு வேலை முடிந்தது. முடியாவிட்டால் சுத்தமான அமெரிக்க டொலர் தாளாகக் கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள். டொலரைத் தவிர வேறு மூன்றாவது நாட்டுக் காசு ஒன்றை நடுவில் நுழைக்காதீர்கள். நான் சுவிஸுக்கு யூரோ கொண்டுபோனது அப்படித்தான்.

நம் ரூபாவையே கொண்டுபோனால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வெளியில் பெரும்பாலான இடங்களில் அதை வாங்க ஆள் இல்லை, வாங்கினாலும் அடிமாட்டு விலை. ஆனால் கொஞ்ச ரூபா வைத்திருக்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்த நாட்டுக்கு எது

இந்தியாவில் இருந்து தொடங்குவோம். வேளாங்கண்ணி, மதுரை, இராமேஸ்வரம் என்று கோயில் பயணம், சென்னையில் வைத்தியம், கலியாணச் சேலை எடுப்பது என்று எங்கள் பக்கத்துச் சனம் கூடுதலாகப் போகிற இடம் அது. இந்திய ரூபாய் கொழும்பில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் விரும்பிய அளவு கொண்டுபோக முடியாது. இலங்கையர் போன்ற வெளிநாட்டவர் இந்தியாவுக்குள் போகும்போது 25,000 இந்திய ரூபாய் வரைதான் கையில் வைத்திருக்கலாம், அதுவும் விமான நிலையம் வழியாகப் போனால் மட்டும். காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். கப்பலென்றால் டொலரோடு போய் இறங்கி மாற்றுவதுதான் புத்தி. விமானத்தில் போகிறவர் முதல் இரண்டு மூன்று நாளுக்கு இந்திய ரூபாயும் மிச்சத்துக்கு டொலரும் வைத்துக்கொண்டால் போதும். அங்கே காசு மாற்றும்போது கடவுச்சீட்டைக் கேட்பார்கள், பிரதி ஒன்று எடுத்து வைத்திருங்கள்.

இன்னொன்று, அலுமாரிக்குள் கிடக்கும் பழைய இந்தியத் தாள். போன முறை மிஞ்சியது என்று பத்திரமாக வைத்திருப்பீர்கள். 2016 நவம்பர் 8ஆம் திகதி அறிவிப்போடு பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போயின. 2,000 ரூபாய்த் தாளையும் புழக்கத்தில் இருந்து எடுப்பதாக 2023 மே மாதம் அங்குள்ள ரிசர்வ் வங்கி அறிவித்தது. கடையில் நீட்டினால் வாங்க மாட்டார்கள். இங்கே யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் தொடாதீர்கள். இப்போது கைக்குக் கை போகும் பெரிய தாள் 500தான். அதையும் கட்டாக வாங்காமல் 100, 50 கலந்து கேளுங்கள். தேநீர்க் கடை முதல் பூக்காரி வரை எல்லோரும் போனில் காட்டிக் காசு வாங்குகிற ஊராகிவிட்டது அது. அந்த வசதி கையில் இல்லாத நீங்கள் 500 ரூபாய்த் தாளை நீட்டினால் "சில்லறை இல்லையா?" என்று முகம் சுளிப்பார்கள்.

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல விஷயம். சவூதி ரியாலும் துபாய் திர்ஹமும் கட்டார் ரியாலும் டொலரோடு கட்டப்பட்ட காசுகள். ஒரு டொலருக்கு 3.75 சவூதி ரியால், 3.6725 திர்ஹம், 3.64 கட்டார் ரியால். பல வருடங்களாக அப்படியே நிற்கின்றன. இதை வைத்துக் கடைக்காரரின் விலையை நீங்களே சோதிக்கலாம். கிண்ணியாவில் இருந்து உம்ராவுக்குப் போகிற ஒரு குடும்பத்துக்கு அண்மையில் இப்படித்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன். டொலர் விற்கும் விலை 304 என்றால் அதை 3.75ஆல் பிரியுங்கள், 81 ரூபாவுக்குக் கிட்ட வரும். ரியால் 82, 82.50 என்று சொன்னால் பரவாயில்லை, ரியாலையே வாங்குங்கள். 86 என்று சொன்னால் நூற்றுக்கு ஆறு ரூபா அந்த மேசையிலேயே போகிறது. அப்படியென்றால் டொலரை வாங்கிக்கொண்டு மக்காவில் மாற்றுங்கள். அங்கேயும் 3.75 முழுதாகத் தர மாட்டார்கள்தான், ஆனால் இந்த அளவுக்கு வெட்டவும் மாட்டார்கள்.

மலேசியா, தாய்லாந்து இரண்டுக்கும் டொலர் கொண்டுபோய் அங்கே மாற்றுவதுதான் என் வழக்கம். ரிங்கிட் மலேசியாவுக்கு வெளியே தாராளமாக வியாபாரமாகிற காசு அல்ல, அதனால் கோலாலம்பூரில் கிடைக்கும் விலை இங்கே கிடைப்பது அரிது. பாங்கொக்கில் 100 டொலர் தாளுக்கு ஒரு விலையும் 1, 5 டொலர் தாளுக்கு அதைவிடக் குறைந்த விலையும் பலகையிலேயே தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ஆகவே மாற்றுவதற்கு என்று கொண்டுபோகும் டொலர் பெரிய தாளாக இருக்கட்டும். சிங்கப்பூர் டொலர் கொழும்பிலேயே சுகமாகக் கிடைக்கும், அதையே வாங்கலாம். (சிங்கப்பூர் டொலரும் புரூணை டொலரும் 1967 முதல் ஒன்றுக்கு ஒன்று சமம். யாராவது புரூணைத் தாளைத் தந்துவிட்டால் பதற வேண்டாம், சிங்கப்பூரில் அது செல்லும்.)

மாலைதீவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு டொலர். உல்லாச விடுதிகளில் கணக்கே டொலரில்தான். அந்த நாட்டுக் காசான ரூஃபியாவை அங்கே தேவைக்கு மட்டும் மாற்றி, அங்கேயே செலவழித்து முடித்துவிடுங்கள், வெளியில் அதை வாங்க ஆள் இல்லை.

ஐரோப்பா என்றதும் என்னைப் போல ஏமாறாதீர்கள். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, இத்தாலி எல்லாம் யூரோ. சுவிஸுக்கு ஃபிராங்க். நோர்வே, டென்மார்க், சுவீடன் மூன்றுக்கும் தனித்தனிக் குரோனர், ஒன்று மற்றதில் செல்லாது. லண்டனுக்குப் பவுண். பவுணிலும் பழைய தாள் பிரச்சினை உண்டு. 20, 50 பவுண் கடதாசித் தாள்கள் 2022 செப்டெம்பர் 30ஓடு கடைகளில் செல்லாமல் போய்விட்டன, இப்போது இருப்பது பிளாஸ்டிக் தாள். மாமா பத்து வருடத்துக்கு முன் தந்துவிட்டுப் போன 20 பவுண் கடதாசியாக இருந்தால் லண்டன் கடையில் எடுக்காது, அந்த நாட்டு மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியில் மாற்றலாம்.

கனடா, அவுஸ்திரேலியாவுக்கு அந்தந்த நாட்டு டொலர். இரண்டும் கொழும்பில் கிடைக்கின்றன. "டொலர்" என்று மொட்டையாகக் கேட்டால் அமெரிக்க டொலரைத்தான் தருவார்கள். நாட்டின் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள், வாங்கிய தாளில் அதே பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், இப்படி மாறி வாங்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கே, எப்போது வாங்குவது

திருமலையில் இருக்கிற எங்களுக்கு இதில்தான் தனிச் சிக்கல். அரச வங்கிகளுக்கும் தனியார் வங்கிகளுக்கும் நகரில் கிளைகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் கேட்கும் காசு கேட்ட அன்றே கிளையில் கையிருப்பில் இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் கடவுச்சீட்டு, வீசா, டிக்கெட் மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் கணக்கு இருக்கும் கிளைக்குப் போங்கள். "இன்ன திகதிக்கு இவ்வளவு வேண்டும்" என்று சொல்லிவையுங்கள். கடைசி நாளில் ஓடினால் இருப்பதை வாங்க வேண்டிவரும்.

கொழும்பில் கோட்டை, வெள்ளவத்தைப் பக்கம் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற கடைகள் நிறைய இருக்கின்றன. விலையும் கடைக்குக் கடை மாறும், நாலு கடை ஏறி இறங்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் போகும் விதத்தை யோசியுங்கள். மாலையில் வான் பிடித்து, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஓடி, நடுச்சாமத்தில் கட்டுநாயக்கவில் இறங்குவோம். அந்த நேரத்தில் வழியில் எந்தக் கடையும் திறந்திருக்காது. விமான நிலையத்துக் கவுண்டர் ஒன்றுதான் மிஞ்சும், அவர்கள் சொன்னதுதான் விலை. ஆகவே கொழும்பில் வாங்குவதாக இருந்தால் ஒரு பகல் முன்னாடியே போக வேண்டும். வீசாவுக்காகவோ மருத்துவப் பரிசோதனைக்காகவோ கொழும்புக்குப் போவீர்கள்தானே, அந்தப் பயணத்திலேயே இதையும் முடித்துவிடுங்கள்.

எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டை விடாதீர்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் சீசனில் யூரோவும் டொலரும் வைத்திருக்கிற தம்பிமார் இருப்பார்கள், "அக்கா, கடையை விட நல்ல விலைக்குத் தாறன்" என்பார்கள். ஆள் தெரிந்தவராக இருந்தாலும் அனுமதி இல்லாதவரிடம் வெளிநாட்டுக் காசு வாங்குவது சட்டப்படி பிழை. தாள் கள்ளத்தாளாக இருந்தால் முறையிடவும் இடமில்லை. விமான நிலையத்தில் "இது எங்கே வாங்கியது?" என்று கேட்டால் காட்டவும் ஒன்றும் இல்லை.

விலை இறங்கும் என்று காத்திருப்பதா, இப்போதே வாங்குவதா? 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைத் தளர விட்டபோது 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தாண்டியது. அந்தப் பயம் இன்னும் சனத்தை விடவில்லை, வீசா வர முன்னமே டொலர் வாங்கிப் பதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வீசா கிடைக்காவிட்டால் முன்பு சொன்ன 4,000 ரூபாக் கணக்குத்தான். வீசா கைக்கு வந்த பிறகு, பெரிய தொகையாக இருந்தால் இரண்டு தவணையாக வாங்குங்கள். ஏறினாலும் இறங்கினாலும் பாதிதான் பாதிக்கும்.

தாளைப் பார்த்து வாங்குங்கள்

மாமி ஒருவர் மலேசியாவில் மகளிடம் போனார். கனடாவில் இருக்கிற மகன் எப்போதோ கொடுத்த 100 டொலர் தாளைப் பவுடர் டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருந்தார். போகிற வழியில், அது செல்லுமா என்று கேட்க கொழும்பில் ஒரு கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். கடைக்கார நானா தாளை விரித்து மேசையில் தேய்த்துவிட்டு, மூலையில் இருந்த மிளகு அளவு சிவப்பு முத்திரையை நகத்தால் தொட்டுக் காட்டினார்.

"தங்கச்சி, தாள் நல்ல தாள்தான். ஆனா இந்தச் சீலும் மடிப்பும் இருக்கே, அங்க உள்ளவன் எடுக்க மாட்டான். எடுத்தாலும் அஞ்சு டொலர் குறைப்பான்."

பிறகு லாச்சிக்குள் இருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். 2013இல் இருந்து வருகிற 100 டொலர் தாளில் நடுவில் நீல நிறப் பட்டி ஒன்று ஓடும். தாளை அசைத்தால் பட்டிக்குள் இருக்கும் மணிகளும் 100 என்ற எண்ணும் நகர்வது போலத் தெரியும். வலப்பக்கம் கீழே 100 என்ற எண் சரித்துப் பார்த்தால் செம்பு நிறத்தில் இருந்து பச்சையாகும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெறும் இடத்தில், தாளில் படமாக இருக்கும் ஃபிராங்ளினின் முகம் நிழலாகத் தெரியும். அவருடைய சட்டைத் தோளில் விரலை ஓட்டினால் சொரசொரப்பு. அரை நிமிட வேலை. மாமி அதற்குப் பிறகு எந்தத் தாளைக் கண்டாலும் ஃபிராங்ளினின் தோளைத் தடவாமல் வாங்குவதில்லை.

பழைய 100 டொலர் தாளும் அமெரிக்காவில் செல்லும். ஆனால் ஆசியாவில் பல கடைகள் நீலப் பட்டி இல்லாத தாளை வேண்டாம் என்கின்றன, அல்லது விலையைக் குறைக்கின்றன. ஆகவே வாங்கும்போதே கிழிசல், பேனா எழுத்து, முத்திரை, கறை எதுவும் இல்லாத தாளாகக் கேளுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வெட்கப்படாதீர்கள். கவுண்டரை விட்டு விலகிய பிறகு சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். மடிக்காமல் ஒரு கடின அட்டை உறைக்குள் வையுங்கள்.

எவ்வளவு, எப்படி வைத்திருப்பது

இறங்கிய அன்றைக்கு வாகனம், சாப்பாடு, ஒரு சிம், ஒரு இரவுத் தங்கல். இவ்வளவுக்கும் போதுமான அந்த நாட்டுக் காசு சிறு தாளாக வெளிப் பையில் இருக்கட்டும். மிச்சத்தை இரண்டு இடத்தில் பிரித்து உடம்போடு வையுங்கள். விமானத்தில் போடும் பெட்டிக்குள் காசு வைக்கவே கூடாது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள், இந்த விஷயத்தில் கனம் மடியில்தான் இருக்க வேண்டும்.

வங்கி அட்டையும் (காட்) கொண்டுபோங்கள், முடிந்தால் இரண்டு, வேறு வேறு இடத்தில். போக முன் வங்கிக்குச் சொல்லி வெளிநாட்டில் வேலை செய்யும்படி திறக்கச் செய்யுங்கள். பணம் கட்டும்போது சில வேளை உறுதிப்படுத்தும் இலக்கம் ஒன்று எஸ்.எம்.எஸ்.ஸில் வரும், அதற்கு உங்கள் இலங்கை சிம்மில் ரோமிங் (வெளிநாட்டிலும் சிம் வேலை செய்யும் வசதி) திறந்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்று முழித்திருக்கிறேன்.

காட் மெஷினில் ஒரு கேள்வி வரும்: இந்த நாட்டுக் காசில் எடுக்கவா, இலங்கை ரூபாவில் எடுக்கவா? நம் ரூபாவைக் கண்டதும் மனம் அதில்தான் விழும், எவ்வளவு போகிறது என்று உடனே தெரிகிறதே. அதை அமத்தாதீர்கள். அந்த மாற்றை உங்கள் வங்கி செய்வதில்லை, அந்தக் கடையின் மெஷின் தன் விலைக்குச் செய்கிறது, இடைவெளியும் பெரிது. எப்போதும் அந்த நாட்டுக் காசையே தெரிவுசெய்யுங்கள். ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும், அங்கேயும் மாற்று வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். சில கடைகளில் காசாளரே உங்களைக் கேட்காமல் ரூபாவை அமத்திவிடுவார். கையெழுத்துப் போட முன் துண்டில் எந்தக் காசு என்று பாருங்கள்.

பெரிய தொகை கொண்டுபோகிறவர்கள் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவுக்கு 10,000 டொலருக்கு மேல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 10,000 யூரோ முதல், பிரித்தானியாவுக்கு 10,000 பவுண் முதல், கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் அந்தந்த டொலரில் 10,000 முதல், சிங்கப்பூருக்கு அங்குள்ள டொலரில் 20,000க்கு மேல். இந்தியாவில் தாளாக 5,000 அமெரிக்க டொலருக்கு மேல் இருந்தால் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் வரி எதுவும் இல்லை. மறைத்துப் பிடிபட்டால்தான் காசே போகும். பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணத்தை எல்லாம் தாளாகக் கொண்டுபோகவே வேண்டாம், வங்கி வழியாக நேரே அனுப்புங்கள்.

திரும்பி வரும்போது

கடைசி இரண்டு நாளில் குத்திக்காசைச் செலவழித்துவிடுங்கள். எந்த நாட்டுக் குத்தியையும் இங்கே யாரும் மாற்றித் தர மாட்டார்கள். என் அலுமாரியில் ஒரு மைலோ டின் நிறைய ஐந்து நாட்டுக் குத்தி கிடக்கிறது, மருமக்கள் கடை விளையாட்டு விளையாடத்தான் உதவுகிறது. மிஞ்சிய தாளில் டொலர், யூரோ, பவுண் போன்றவை என்றால் மாற்றாமல் அடுத்த பயணத்துக்கு வைத்திருக்கலாம். ரூஃபியா, பாத் போன்றவற்றை அந்த நாட்டு விமான நிலையத்திலேயே முடித்துவிட்டு ஏறுங்கள்.

முன்பு சொன்ன இலங்கை ரூபா விஷயம் இதுதான். போகும்போதே ஏழு, எட்டாயிரம் ரூபாவைத் தனி உறையில் போட்டு, கடவுச்சீட்டோடு வையுங்கள். கட்டுநாயக்கவில் அதிகாலை இறங்கிக் களைத்துப்போய் நிற்கும்போது வரிசையில் நின்று டொலர் மாற்ற மனம் வராது. நேரே கொழும்புக்குப் போய் 49ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, ஹபரணையில் ஒரு பிளேன்ரீயும் குடித்து, திருமலை ஸ்டாண்டில் இறங்கி ஓட்டோ பிடித்து வீட்டு வாசலுக்கு வரும்வரை அந்த உறை காணும்.